மூலையில் மாட்டிய கசிவுக்காரர்

சட்டையைக் கழற்றிப் படிக்கட்டுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, எங்கள் வீட்டு நிலவறைத் தரையில் குப்புறப் படுத்து, வலது கன்னத்தைக் காங்கிரீட்டில் வைத்துக் கண்ணை மூடுகிறார். ஐந்து நிமிடம் அசைவில்லை. முதல்முறை பார்த்தபோது பதறிப்போய்ச் சொம்பும் கையுமாக ஓடினேன். "தண்ணியா? அத இங்க கொண்டு வராதீங்க சார்" என்றார் படுத்தபடியே.

எங்கள் தெருவில் அவருக்குக் கசிவுக்காரர் என்று பெயர். கீழிருந்து ஈரம் ஏறாமல் தரைக்குப் பூச்சு அடிப்பது தொழில். ஈரம் பார்க்கும் கருவி பையில் இருக்கிறது. ஆனாலும் கன்னம் சொன்னால்தான் நம்புவார். இடது கன்னத்துக்கு அனுபவம் போதாதாம். தண்ணீரைப் பற்றிப் பேசினால் பங்காளிச் சண்டைக் குரல் வந்துவிடும். "அதுக்கு வேற வேலையே கிடையாது சார். எங்க ஓட்டைன்னு தேடிக்கிட்டே இருக்கும்."

"இருபத்தாறு வருஷத்துல என் பூச்சுல ஒரு காலடி விழுந்ததில்ல" என்பது அவருடைய பெருமை. ஈரப் பூச்சில் கால் பட்டால் அங்கே தண்ணீருக்கு வழி திறந்துவிடும். என் வீட்டிலோ பூச்சு முடிந்த மறுநாள் காலையே அதன் மேலே சிமெண்ட் தளம் போட ஆட்கள் வருகிறார்கள். மூடிய பிறகு கசிந்தால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டியதுதான்.

அவருக்கு ஒரு பலவீனம். யாராவது பேசினால் முகம் பார்த்துத்தான் பதில் சொல்வார். சாம்பல் நிற முதல் பூச்சு காய்ந்து, கறுப்பு இரண்டாம் பூச்சு தொடங்கிய அன்று, நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் படியில் உட்கார்ந்து கேள்வி கேட்டேன். தூரத்து மூலையில் தொடங்கிப் படிக்கட்டில் முடிக்க வேண்டியவர், என்னைப் பார்த்தபடி படியடியில் தொடங்கினார். பதில் சொல்லிச் சொல்லிப் பின்னால் நகர்ந்தார். கடைசிப் பதில் முடிந்தபோது முதுகு சுவரில் இடித்தது.

இருவரும் தரையைப் பார்த்தோம்.

"காய நாலு மணி நேரம் ஆகும்" என்று காலி வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து கைப்பிடியில் தொங்கிய அவருடைய சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவி. ஸ்பீக்கரில் போட்டு நீட்டினேன்.

"மணி ரெண்டாச்சு. அம்மாவுக்கு நாலு மணிக்கு பஸ். எங்க இருக்கீங்க?"

"மூலையில இருக்காரும்மா" என்று நான் விஷயத்தைச் சொன்னேன்.

"நாலு எட்டு வச்சுத் தாண்டி வரச் சொல்லுங்க. இத விட்டா அடுத்த வாரம்தான் டிக்கெட்."

அவருடைய மாமியார் வந்து ஒரு மாதமாகிறது. கசிவுக்காரர் எழுந்து வலது காலைத் தூக்கினார். கால் அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெதுவாகப் பழைய இடத்துக்கே திரும்பியது.

"அடுத்த வாரம் வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

போனில் மாமியாரின் குரல் கேட்டது. "நான்தான் சொன்னேனே, மாப்பிள்ளைக்கு என்னை அனுப்ப மனசே வராதுன்னு."

கசிவுக்காரர் நீட்டிய பூச்சு ரோலர் கம்பின் நுனியில் டீ பிளாஸ்கைக் கட்டி அனுப்பினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். நாலு மணி நேரம் கழித்து, புறங்கையால் பூச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி நுனிக்காலில் படிக்கட்டுக்கு வந்து சேர்ந்தார். வெற்றிப் பெருமையோடு திரும்பிப் பார்த்தார்.

அந்த மூலையில் கறுப்புக்கு நடுவே வாளி இருந்த வட்டமும், அதன் முன்னால் இரண்டு பாதங்களும் பூச்சுப் படாமல் அச்சு அசலாகச் சாம்பல் நிறத்தில் தெரிந்தன.

படியோரம் டப்பாவில் இருந்த மிச்சப் பூச்சையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு வந்த வழியே போனார். எனக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து மண்டியிட்டார். அந்த இடத்துக்கு ஒரு பூச்சு போதுமா என்று கேட்கலாமெனத் தொண்டையைச் செருமினேன். திரும்பாமலே, கறுப்பு அப்பிய ஆள்காட்டி விரலைத் தன் உதட்டின்மேல் வைத்துக்கொண்டார்.