தேவசகாயம் சாரும் என் வெறுங்கையும்

கோடை விடுமுறை. பள்ளிப்பட்டில் மாமனார் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். திருத்தணி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த எங்கள் பள்ளிப் பியூன் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"தேவசகாயம் சார் பூட்டாருங்க. மலைக்குப் பின்னால பாறையில வுழுந்து கெடந்தாரு. ஆடு மேய்க்கிறவங்கதான் தூக்கினு வந்தாங்க."

எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. ஏன் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

அவர் சயன்ஸ் வாத்தியார்; நான் டிராயிங் மாஸ்டர். ஓணானும் அரணையும் எவ்வளவு வெயில், எவ்வளவு குளிர் தாங்கும் என்று அளப்பதில்தான் அவருக்கு உயிரே இருந்தது. ஊரார் ஓணான் வாத்தியார் என்று கேலி செய்வார்கள். அப்படிக் கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

யுத்தம் தொடங்கிய பிறகு புதுத் தெர்மாமீட்டர் கிடைக்கவில்லை. இருந்த ஒன்றைக் கைக்குழந்தை போலத் தூக்கிக்கொண்டு மலையேறுவார். ஓணானைத் தகர டப்பாவில் விட்டு வெயிலில் வைப்போம். குளிருக்கு அரக்கோணத்திலிருந்து மரத்தூளில் பொதிந்து ஐஸ் வரும். அவ்வப்போது ஓணானை மல்லாக்கப் போடுவார். புரண்டு எழுந்தால் இன்னும் தாங்கும். எழ முடியாமல் போனால் அதுதான் எல்லை. உடனே நான் பிடித்துக்கொள்ள, அவர் அதன் உடம்புச் சூட்டை அளந்து எழுதுவார். அடுத்த நொடியே அதை நிழலில் விட்டுத் தண்ணீர் தெளிப்பது என் வேலை.

"எல்லையத்தான் கேக்குறோம் மாஸ்டர், உயிரைக் கேக்கல" என்பார். மூன்று கோடைகளில் ஒன்றைக்கூட அவர் சாகவிடவில்லை.

மடித்த துணியால்தான் பிடிக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். துணியில் பிடித்தால், கொஞ்சம் தெளிந்ததுமே வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். அதனால் மேலுக்குத் துணியைப் போர்த்தி, அடியில் வெறும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். என் பிடியிலிருந்து ஒன்றும் தப்பியதில்லை என்று சக வாத்தியார்களிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

இந்தப் பங்குனியில் நான் காய்ச்சலில் கிடந்தபோது அவர் தனியாகச் சிலவற்றை அளந்தார். பழைய கணக்கோடு எதுவும் ஒத்துவரவில்லை. என்னிடம் கேட்டார். மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். நோட்டைப் பிரித்துப் பழைய கணக்கையும் புதியதையும் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தார்.

"உங்க கைச் சூடு குளிருல கூட்டிக் காட்டிக்கிது, வெயில்ல கொறைச்சிக் காட்டிக்கிது. மூணு வருசமா நாம அளந்தது ஓணானை இல்ல மாஸ்டர், உங்க கைய."

அவ்வளவுதான். திட்டவில்லை. என் எதிரிலேயே ஒவ்வொரு பக்கமாகக் குறுக்கே கோடு இழுத்தார். ஆனி பிறந்ததும் அந்த நோட்டைச் சென்னைக் கல்லூரியில் ஒரு பேராசிரியரிடம் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். மூன்று வருட வேலையை ஒரே கோடையில் மறுபடி செய்தாக வேண்டும். கூட நின்றிருக்க வேண்டியவன் நான். அவர் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, விடுமுறை விட்டதும் சொல்லிக்கொள்ளாமல் பள்ளிப்பட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

அக்கினி நட்சத்திர வெயிலில் அவர் தனியாகப் பாறைக்குப் போயிருக்கிறார். ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்தபோது டப்பா திறந்து கிடந்ததாம், ஓணான் இல்லை. குடிக்கக் கொண்டுபோன தண்ணீரில் ஒரு சொட்டும் மீதியில்லை. பக்கத்துப் புதர் நிழலில் மண் மட்டும் நனைந்திருந்தது. அவருடைய உதடு காய்ந்து வெடித்திருந்தது என்றார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் போதகர், கொடும் வெயில் கொண்டுபோய்விட்டது என்று ஜெபித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எல்லாரும் போன பிறகு அவருடைய மனைவி என்னிடம் வந்தார்.

"ஓணான் மல்லாந்தா மாஸ்டர் தண்ணி தெளிப்பாருன்னு சொல்லிக்கினே இருப்பாரு. அன்னிக்கி நீங்க எங்க இருந்தீங்க?"

ஊருக்குப் போயிருந்தேன் என்றேன்.

"ஆங்" என்றார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தார்.

ஏன் போனேன் என்பதை அவரிடம் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. அம்மா, அன்று உங்களிடம் சொல்லாமல் விட்ட காரணம் இதுதான். சார், போய் வாருங்கள். உங்களைக் கொன்றது வெயில் என்று இனி யாரும் என் எதிரில் சொல்ல விடமாட்டேன்.