ஏறாத தண்ணீர்

மழை விடாமல் கொட்டியது. வாவிக்குள் கம்பத்தில் நானும் என் கூட்டாளியும் பூட்டிய நீர்மட்டம் அளக்கும் பெட்டியோ, நீர்மட்டம் அசையவே இல்லை என்று ஒரே எண்ணை எல்லாருடைய போனுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. வாவி கடலோடு சேரும் முகத்துவார மணல்மேட்டை வெட்டுவதா இல்லையா என்று மறுநாள் கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். வெட்டினால் வெள்ளம் கடலுக்குப் போகும், வயல் தப்பும். இறாலும் கூடவே போய்விடும். அதனால் மீன்பிடிக்காரர் எங்கள் எண்ணைக் காட்டி, வெட்டத் தேவையில்லை என்றார்கள்.

வயல்காரருக்காகப் பேசும் வட்டை விதானையார் பெட்டியைக் கழற்றிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தார்.

“என்ட வரம்பே தெரியல்ல மனே. உன்ட பெட்டிக்கு மட்டும் மழை பெய்யல்லையா?”

பெட்டி அளவை பிளாஷ் சிப்பில் எழுதும். உடனே அதைத் திருப்பி வாசித்து அனுப்பும். வாசிக்கிற டிரைவர் நிரலை எழுதியவன் கொழும்பில் இருக்கும் அந்தக் கூட்டாளி. மடிக்கணினியில் செருகிச் சிப்பை வாசித்தால் ஒரு குறையும் இல்லை. பெட்டியைத் தானாக ஓடவிட்டால் அதே பழைய எண். வயரையும் ஈயப்பற்றையும் சந்தேகப்பட்டு அரைநாளை நாசமாக்கினேன். பிறகுதான் எழுதிய கையோடு வாசிக்க வைத்துப் பார்த்தேன். குப்பை வந்தது. கொஞ்சம் பொறுத்து வாசித்தால் சரியாக வந்தது.

போன மாதம் பெட்டியைத் திருத்தியபோது அவன் வேறு சிப் போட்டிருந்தான். அது எழுதி முடிக்கக் கூடுதல் நேரம் எடுக்கும். முடித்துவிட்டாயா என்று சிப்பிடமே கேட்கலாம். இவனுடைய டிரைவர் கேட்காது. பழைய சிப்புக்குப் போதுமான நேரம் பொறுத்துவிட்டு வாசிக்கும். அதையாவது மன்னிக்கலாம். வாசிப்புப் பிழைத்தால் வாயை மூடிக்கொண்டு, கடைசியாகச் சரியாக வந்த எண்ணையே திரும்பக் கொடுக்கும்படி எழுதி வைத்திருந்தான். மழைக்கு முன் மட்டம் அசையாததால் ஒருவரும் கவனிக்கவில்லை.

அவனுக்குப் போன் எடுத்தேன்.

“ஏன்டா இப்பிடி எழுதினாய்?”

“பிழை எண்டா திரையில சிவப்பாக் காட்டும் மச்சான். பாக்கிற ஆக்கள் பயந்திருவாங்க.”

“பயப்படத்தானேடா பெட்டி வெச்ச?”

“ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாரன்.”

போனை வைத்துவிட்டேன். சிப் முடித்தேன் என்று சொல்லும்வரை பொறுக்கவும், பிழையைப் பிழை என்றே அனுப்பவும் டிரைவரை மாற்றினேன். நல்லவேளை, சிப்பில் எழுதியது ஒன்றும் கெடவில்லை. வாசித்தால், தண்ணீர் மணிக்கு மணி ஏறியிருந்தது.

கூட்டத்தில் அந்த எண்களை வாசித்தேன். பெரியகல்லாற்றிலிருந்து வந்த மீன்பிடிக்காரர் ஒருவர் எழும்பினார்.

“நேத்துவரைக்கும் ஏறல்ல எண்டதும் இந்தப் பெட்டிதானே தம்பி? ராவோட ராவா விதானையார் பாடம் சொல்லிக் குடுத்திட்டாரோ?”

மண்டபமே சிரித்தது. பெட்டி விதானையார் கையால் கழற்றப்பட்டது எல்லாருக்கும் தெரியும். எழுதியது சரி, வாசித்ததுதான் பிழை என்று சொன்னேன். ஒருவரும் காது கொடுக்கவில்லை. கடைசியில் இரண்டு பக்கத்து ஆட்களும் தோணியில் போய், முங்கிய வயலைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த பிறகே வெட்டச் சம்மதித்தார்கள்.

தண்ணீர் வடிந்தபோது விதானையாரின் பள்ளக்காணிப் பயிர் அழுகிக் கிடந்தது. திருத்திய பெட்டியைத் திரும்பப் பூட்டலாம் என்று அவரிடம் கொண்டுபோனேன். அவர் வாங்கவில்லை.

“அத நீயே வெச்சிக்க மனே.”