சுதாகரனுக்குக் கொள்ளி வைத்த பிள்ளை

சுதாகரனைத் திட்டுவதென்றால் புஷ்பத்துக்கு வாய் வலிக்காது. கட்டையில போறவனே என்பதில் தொடங்குவாள். திட்டி முடித்த கையோடு அவனுக்கு ஒரு தட்டில் சோறும் போட்டுவிடுவாள். அதுதான் அவள் புத்தி, யார் என்ன செய்ய?

கஹவத்தைப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டுகிறவள் அவள். தேர் பார்க்கப் போன பஸ் பள்ளத்தில் விழுந்து அப்பனும் ஆத்தாளும் ஒன்றாகப் போனபோது சுதாகரனுக்கு வயது ஒன்பது. அடுத்த காம்பிராக்காரி, பக்கத்து வீட்டுக்காரி என்ற ஒரே பாத்தியதையில் புஷ்பம் அவனுக்குச் சோறு போட்டாள். கைக்குழந்தையாயிருந்த அவள் மகன் இந்திரகுமாரை இடுப்பில் தூக்கி, வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்தில் விட்டு வந்தது அவன்தான். அவளைச் சின்னம்மா என்றான். அதற்கு மேல் அவனுக்கென்று உலகத்தில் ஒரு நாதியும் கிடையாது.

பதினாலு வயதில் சிரட்டையில் உறைந்த ஒட்டுப்பாலைத் திருடி விற்றான். பிறகு போதைத் தூள் விற்றான். இரண்டு தடவை பிடிபட்டுச் சிறை மறியலுக்குப் போய் வந்தான். ஒவ்வொரு தடவை திரும்பி வந்தபோதும் தோட்டத்து இளவட்டங்கள் சாமி ஊர்வலம் போல அவன் பின்னால் திரிந்தார்கள். ஏன் திரியமாட்டார்கள்? கிரிக்கெட் மட்டையும் காலுக்குச் சப்பாத்தும் வாங்கித் தந்தவன் அவன். ஒப்பீசில் கிளார்க் ஒரு கிழவரை 'டேய்' என்று கூப்பிட்டதற்கு, சுத்தமான சிங்களத்தில் நியாயம் கேட்டு மன்னிப்புச் சொல்லவைத்தவனும் அவன்தான். அதே கையால்தான் அந்த இளவட்டங்களில் ஒருவனான கஜேந்திரனிடம் தூள் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பினான். கஜேந்திரன் எட்டு மாதம் உள்ளே இருந்தான். வெளியே வந்ததும் நேரே சுதாகரனிடம்தான் போய் நின்றான், வெட்கங்கெட்ட பயல்.

இந்திரகுமாருக்குப் பத்தொன்பது வயது. அவனும் சுதாகரன் பின்னால்தான் திரிந்தான். இரத்தினபுரியில் மின்சார வேலை படிக்க இடம் கிடைத்துக் கடிதம் வந்திருந்தது. அவன் தோட்டத்தை விட்டுப் போய்விட்டால் போதும், தான் செத்தாலும் பரவாயில்லை என்றிருந்தாள் புஷ்பம். வெட்டு முடிந்த ஒரு மத்தியானம் சுதாகரனிடமே போய்ச் சொன்னாள்.

"அவன மட்டும் விட்றுடா. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

"விட்டுர்றேன் சின்னம்மா. ஒரே ஒரு மாணிக்கக் குழி. அதுல வர்றதுல அவனுக்குப் பேக்கு, சப்பாத்து எல்லாம் நான்தான் வாங்கிக் குடுப்பேன்."

அங்கேயே அவனைச் செவிட்டில் அறைந்திருக்க வேண்டும். அவள் திரும்பி வந்துவிட்டாள். சப்பாத்து வாங்க அவளிடமும் வழி இருக்கவில்லை.

ஆற்றோரமாக, அனுமதியில்லாமல் வெட்டிய மாணிக்கக் குழி அது. நான்கு நாள் மழையில் ஊறியிருந்தது. சுதாகரனும் இந்திரகுமாரும் அடியில் நின்றபோது பக்கச் சுவர் உடைந்து சேறு இறங்கியது. சுதாகரன் பையனைத் தோளில் ஏற்றிக் கயிற்றைப் பிடிக்கவைத்து மேலே தள்ளினான். மேலே நின்றவர்கள் இந்திரகுமாரை இழுத்தெடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது குழி மூடிக் கிடந்தது.

பொலிஸ், பிரேதப் பரிசோதனை எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் பெட்டி வந்தது. புஷ்பம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். என் பிள்ளையைக் குழிக்குள் இறக்கிய பாவி என்று அழுதாள், என் பிள்ளையைத் தூக்கிவிட்ட மகராசன் என்றும் அழுதாள். இரண்டும் உண்மைதானே.

தோட்டத்துத் தலைவர் இருளப்பன் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"கொள்ளிக்குடம் ஒடைக்க யாரு? ஒருத்தரும் இல்லாட்டி சும்மாதான் அடக்கணும்."

இந்திரகுமார் எழுந்து சட்டையைக் கழற்றினான். பெற்றவர்கள் இருவரும் உயிரோடிருக்கிற பிள்ளை இன்னொருவனுக்காகத் தலை மழிப்பதா என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். கொழும்பில் கடைவேலை செய்யும் தகப்பனிடம் ஃபோனில் கேட்டதற்கு, ஒங்கம்மாகிட்ட கேளு என்று அந்த மனுஷன் நழுவிக்கொண்டான். தலைவர் புஷ்பத்தின் முகத்தைப் பார்த்தார்.

ஒன்பது வயதில் பசியோடு வாசலில் நின்றவனை இப்போதும் அனாதையாக அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. "சரிங்க தலைவரே, செய்யட்டும்" என்றாள்.

கொள்ளி வைத்தவன் பதினாறு நாள் தோட்டத்தை விட்டு நகரக் கூடாது. பயிற்சி நிலையத்துக்கு ஃபோன் பண்ணிக் கெஞ்சினாள். பதினேழாம் நாள் வந்து சேரலாம் என்றார்கள். நாளை எண்ணிக்கொண்டே பால் வெட்டினாள். சுதாகரனும் இல்லை, பிள்ளையும் போய்விடுவான், இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தபோது அவளுக்கே தன்மேல் அருவருப்பாயிருந்தது.

பதினாறாம் நாள் கருமாதி. கொள்ளி வைத்தவனுக்கு உருமா கட்ட வேண்டும். அப்பன் போன வீட்டுக்கு இனி இவன்தான் பெரிய ஆள் என்று தாய்மாமன் புதுத்துண்டால் தலைப்பாகை கட்டுகிற முறை அது. கொள்ளிக்குச் சம்மதித்த அன்று அந்த நினைப்பே அவளுக்கு வரவில்லை. சுதாகரனுக்கு மாமன் மச்சான் இல்லாததால் தலைவர் முதல் துண்டைக் கட்டினார். பிறகு கஜேந்திரன் ஒரு துண்டோடு வந்தான். அவனுக்குப் பின்னால் சுதாகரனின் பயல்கள் பதினோரு பேரும் ஆளுக்கொரு துண்டோடு வரிசையில் நின்றார்கள். மழித்த தலையில் துண்டுக்குமேல் துண்டாக ஏறியது. இந்திரகுமார் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

சாப்பாடு முடிந்ததும் அவனைக் காம்பிராவுக்குள் கூப்பிட்டாள்.

"அதக் கழட்டிட்டுப் படுடா. வெள்ளன பஸ்ஸுக்குப் போகணும்."

"இவனுங்கள விட்டுட்டு எங்கம்மா போறது? இனி யாரு இருக்கா இவனுங்களுக்கு?"

"ஒனக்கு என்னடா தலையெழுத்து? அவன் யாரு, நீ யாரு?"

"நீங்கதானேம்மா சரின்னீங்க."

அவன் கோபமாகச் சொல்லவில்லை.

வாசலில் கஜேந்திரன் வந்து நின்றான். இந்திரகுமாரைவிட மூன்று வயது மூத்தவன், நேற்றுவரை வாடா போடா என்றவன்.

"அண்ணே, பயலுக எல்லாம் காத்துக்கிட்டு இருக்கானுங்க" என்றான். பிறகு குனிந்து, இந்திரகுமாரின் செருப்பை எடுத்து அவன் காலடியில் வைத்தான்.