அப்பா விற்ற ஆர்மோனியம்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், மானாம்பதியில் எங்கள் சர்ச்சுக்கு கீபோர்டு வந்தது. அதுவரை ஞாயிறு ஆராதனைக்கு அம்மாதான் ஆர்மோனியம் வாசிப்பாள். கல்யாணத்தின்போது தாய்வீட்டிலிருந்து புடவைகளோடு அவள் கொண்டுவந்த பெட்டி அது. கீபோர்டு முன்னால் உபதேசியாரின் மகன் உட்கார்ந்ததும், பெட்டி எங்கள் வீட்டு பீரோமேல் ஏறிவிட்டது.

அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். எந்தப் பொருளும் சும்மா கிடந்தால் அவருக்குப் பொறுக்காது.

"எடத்த அடைச்சிக்கினு கீது. ஒருத்தர் கேக்கறாரு, குடுத்துடட்டுமா?" என்றார்.

அம்மா முறத்திலிருந்து நிமிராமல், "உன் இஷ்டம்யா" என்றாள். அப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். மறுநாளே ராஜகுளத்துக்காரர் ஒருவர் வேனில் வந்து ஏற்றிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு பாதிப் பாட்டில் கரண்ட் போயிற்று. கீபோர்டு ஊமையாகிவிட, சபையார் ஆளுக்கொரு சுருதியில் இழுத்தார்கள். அம்மாவின் விரல்கள் மடியிலிருந்த வேதாகமத்தின் அட்டைமேல் ஓடிக்கொண்டிருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அப்பாவும் அதைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

அன்று மதியம் சோறுகூடத் தின்னாமல் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு ராஜகுளம் போனார். பெட்டி அதற்குள் வேலூர்ப் பக்கம் கைமாறியிருந்தது. "வாங்கி விக்கறதுதான் நைனா என் தொழிலு" என்றார் அந்த மனிதர். அதன்பிறகும் அப்பா கொஞ்ச நேரம் அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

பிறகு மூன்று வாரம் தேடல்தான். போனில் பழைய ஆர்மோனியப் படங்களாகப் பார்த்து அம்மாவிடம் நீட்டுவார். "போட்டோவுல சத்தம் கேக்குமா?" என்று அவள் திருப்பிக் கொடுத்துவிடுவாள். இரண்டு இடங்களுக்கு நேரிலேயே போனோம். ஒரு பெட்டியில் துருத்தி கிழிந்திருந்தது. இன்னொன்றில் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. அப்பா இரண்டுக்குமே, "நல்லாத்தானே கீது" என்றார்.

கடைசியில் காஞ்சிபுரத்தில், வாத்தியம் பழுது பார்க்கும் கடை ஒன்றில், அம்மா துருத்தியை அசைத்து ஒரே கட்டையை வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தாள். அப்பா முதல்முறையாக வாயைத் திறக்கவில்லை.

"பழசு மாதிரி இல்ல" என்றாள் அம்மா. அவர் முகம் விழுந்தது. "ஆனா கைக்கு ஒத்து வருது. எடுத்துக்கினு போலாம்."

உத்திரமேரூர் பஸ்ஸில் கண்டக்டர் பெட்டிக்கும் டிக்கெட் கேட்டார். எதற்கும் வாதாடுகிற அப்பா அன்று சிரித்துக்கொண்டே எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசிக்க உட்கார்ந்தாள். முதல் பாட்டு முடிவதற்குள் அப்பா சுவரோரம் சாய்ந்து குறட்டைவிட ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை அலைந்துவிட்டு ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்காமல் தூங்குவதா? எழுப்பப் போன என் கையை அம்மா பிடித்துக்கொண்டாள்.

"வுடு. மூணு வாரமா மனுசன் தூங்கல."

அடுத்த பாட்டை அவள் துருத்தியை மெல்ல அசைத்து, அடங்கிய ஒலியில் வாசித்தாள். பெட்டியைப் பறிகொடுத்தது அம்மாதானே, அப்பாவுக்கு ஏன் தூக்கம் போக வேண்டும் என்று யோசித்துக்கொண்டே நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.