கவனமில்லை என்று எழுதிய கை

தலைமையாசிரியை என்றால் தலையில் கொம்பா முளைத்திருக்கிறது? அந்த அம்மாளுக்கும் செயற்கை நுண்ணறிவு என்றால் கிலிதான். ஆனால் மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது. ஆசிரியர்கள் எல்லாரும் அதில் பழகியாக வேண்டும், பழக்கிவிடுவது அவர் பொறுப்பு. மறுநாளே கணக்கு வாத்தியார் விருப்ப ஓய்வுக் கடிதத்தோடு வந்து நின்றார்.

"இருபத்தெட்டு வருஷம் சாக்பீஸ் பிடிச்சாச்சு. இனிமே மெஷின்கிட்ட போய்ப் பாடம் கேக்கணுமா டீச்சர்?"

அப்படியொரு மனிதரை இதற்காகவா இழப்பது? "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க சார். அப்புறம் நானே கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்" என்றார் அம்மாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆசிரியர் அறையில் எல்லாரையும் உட்காரவைத்து, உபதேசம் எதுவும் பண்ணாமல், முதலில் தானே கணினி முன் உட்கார்ந்தார். அவர் தட்டத் தட்ட, சுவரில் பெரிதாகத் தெரிந்தது: 'அனுப்புநர்: தலைமையாசிரியை. பெறுநர்: செயற்கை நுண்ணறிவு அவர்கள். பொருள்: ஏழாம் வகுப்புக்கு வினாத்தாள் வேண்டுதல் தொடர்பாக. மதிப்பிற்குரிய ஐயா...'

"நகல்னு போட்டு மேலிடத்துக்கும் ஒண்ணு அனுப்பிடுங்க டீச்சர்!" என்றார் அறிவியல் ஆசிரியை. அறையே குலுங்கியது.

அம்மாளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "முப்பது வருஷமா வேற என்னத்த எழுதினேன்? சரி, என் மானம் போயாச்சு. இனிமே யாரும் பயப்பட வேணாம், வாங்க."

பெரிய டீச்சரே தடுமாறியதைப் பார்த்ததாலோ என்னவோ, கணக்கு வாத்தியார் எழுந்து வந்தார். "இதுக்கு என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்று வம்புக்கு இழுக்கிற மாதிரி, ஒரு மாணவியின் நோட்டில் ஒரு பக்கத்தை, அவள் பெயர் தெரியாதபடி படம் பிடித்துப் போட்டார். புள்ளி வைத்த எண்களின் கூட்டல். பாதி சரி, பாதி தப்பு. ஒரு வருஷமாக அந்தப் பெண்ணின் நோட்டில் அவர் 'கவனமில்லை' என்றுதான் எழுதிவந்தார்.

பதில் வந்தது. இது கவனக்குறைவாகத் தெரியவில்லையாம். 2.3, 1.4 இரண்டையும் கூட்டி 3.7 என்று சரியாக எழுதிய அதே கை, 3.7, 2.8 இரண்டையும் கூட்டி 5.15 என்கிறது. புள்ளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தனித்தனியாகக் கூட்டியிருக்கலாம், மாணவரிடமே கேட்டுப் பாருங்கள் என்றது.

வாத்தியார் நோட்டோடு விறுவிறுவென்று வகுப்புக்கு நடந்தார். அம்மாளும் பின்னாலேயே ஓடினார்.

"இதை எப்படிம்மா போட்ட?"

"ஏழும் எட்டும் பதினஞ்சு, அது புள்ளிக்கு அந்தப் பக்கம். மூணும் ரெண்டும் அஞ்சு, அது இந்தப் பக்கம் சார்."

"ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"நீங்க கேக்கலையே சார்."

வகுப்பு மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த ஐம்பத்தைந்து வயது மனிதர் சொன்னார்: "கவனமில்லாம இருந்தது நீ இல்லம்மா, நான்தான். மன்னிச்சுக்கோ."

வாசலில் அம்மாள் பிரமித்து நின்றார். மெஷின் கண்டுபிடித்தது அதிசயந்தான், யார் இல்லையென்றது? ஆனால் நாற்பது பிள்ளைகள் முன்னால் ஒரு வாத்தியார் தன் தப்பை ஒப்புக்கொண்டதை அவர் ஆயுசில் பார்த்ததில்லை.

வெளியே வந்தவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், அந்தக் கடிதம்... இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

"இன்னும் எத்தனை பிள்ளைங்களக் கேக்காமலே விட்டேனோ டீச்சர்" என்றார் வாத்தியார். "முப்பத்தொன்பது நோட்டு பாக்கியிருக்கு. இப்போ நான் எப்படிப் போவேன்?"