துணிக்கொடிக்கு வந்த யானை

லுவாங்வா ஆற்றங்கரையில் உள்ள எங்கள் சுற்றுலா முகாமில் விருந்தாளிகளின் துணி துவைப்பது செலிபா அக்காவும் நானும்தான். அவள் கணவர் யோத்தாமு, துப்பாக்கியோடு விருந்தாளிகளைக் காட்டுக்குள் நடத்திப் போகிற காவலர். போன கோடையில், வேலை முடிந்து அவரும் அக்காவும் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தபோது ஒற்றைத் தந்தப் பெண்யானை ஒன்று (எங்கள் காட்டில் பெண்யானைக்கும் தந்தம் உண்டு) புதரிலிருந்து பாய்ந்து அவரைக் கொன்றது. அவள் கண்ணெதிரே.

அடக்கம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய வாரமே அந்த யானை முகாமுக்கு வந்தது. துணிக்கொடிக்குப் பின்னால் முள்மரத்தடியில் உதிர்ந்த காய்களைத் தின்றது. நான் சமையல்கட்டுக்கு ஓடினேன். அக்கா ஈரப் போர்வையை மார்போடு பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

பிறகு பிற்பகல்தோறும் வந்தது. அக்கா அதைத் திட்டுவாள்.

"இன்னும் என்ன வேணும் உனக்கு? வீட்டுல மிச்சம் நான்தான். என்னையும் எடுத்துக்கோ!"

ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "அது மூச்சு விடுறப்போ அவரு இருமுற மாதிரியே கேக்குதுடி. உனக்குக் கேக்கல?"

கேட்கவில்லை. கேட்கிறது என்றுதான் சொன்னேன்.

யோத்தாமுவின் அண்ணன் லமேக்கி காதுக்கு இது போனது. முகாமுக்கே வந்து கத்தினார்.

"புருஷனைக் கொன்ன யானையோட என்ன பேச்சு உனக்கு? நீதான் ஏவிவிட்டியோன்னு ஊரே கேக்குது!"

"ஏவத் தெரிஞ்சிருந்தா உங்களை விட்டுட்டு அவரு மேலயா ஏவியிருப்பேன், மாமா?"

சமையல்காரர் சிரித்துவிட்டார். லமேக்கி நேரே வனத்துறையிடம் போய் முறையிட்டார்.

அதிகாரி வந்தார். யானை ஆற்று மணலில் நின்றிருந்தது. "இதுதானாம்மா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

அக்கா வெகுநேரம் பார்த்தாள். "இதுதான்" என்றாள்.

சுட்டார்கள். கறியை ஊருக்குக் கொடுத்தார்கள். லமேக்கியும் கத்தியோடு வந்தார். முன்னங்காலை அறுத்தவரின் கத்தி எதிலோ மாட்டியது. கம்பிச் சுருக்கு. சதை அதன்மேல் வளர்ந்து மூடியிருந்தது. உள்ளே ஒரே சீழ். மானுக்குக் கம்பி வைப்பவர் யார் என்பது ஊரறிந்தது. யாரும் லமேக்கியைப் பார்க்கவில்லை. அக்கா மட்டும் பார்த்தாள்.

"இந்த வலியோடதான் திரிஞ்சுதா?" என்றாள். பிறகு, "நாளைக்கு என்கூட வாங்க, மாமா. வெச்ச கம்பியெல்லாம் எங்கேன்னு காட்டுங்க."

மறுநாள் அவர் முன்னால் நடந்தார். அவள் கூடையோடு பின்னால். அவர் பிடுங்கிக் கொடுத்த கம்பிகளை வாங்கிச் சுமந்தாள். யோத்தாமு விழுந்த இடம் வந்ததும் லமேக்கி தரையில் உட்கார்ந்து தலையிலடித்துக்கொண்டு அழுதார். அக்கா தேற்றவில்லை. அழுது முடியும்வரை நின்றாள்.

"எந்திரிங்க. இன்னும் இருக்குல்ல?"

மிச்சத்தைக் கழுகுகள் தின்று தீர்த்தபின் யானைக்கூட்டம் ஆற்று மணலுக்கு வந்தது. எலும்புகளைத் துதிக்கையால் தடவின, புரட்டின, சிலவற்றைத் தூக்கிக்கொண்டு நடந்தன. குட்டிகள்கூடச் சத்தம் போடவில்லை. நாங்கள் துவைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தோம்.

சில நாள் கழித்துத் துணிக்கொடிக்கு அடியில் ஒரு தாடையெலும்பு கிடந்தது.

"கழுதைப்புலி இழுத்துட்டு வந்திருக்கும்" என்றார் சமையல்காரர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேலாளர் அதை ஆற்றில் எறியச் சொன்னபோது அக்கா தடுத்தாள்.

"கெடக்கட்டும், ஐயா. துணியை நான் சுத்திப் போய்க் காயப்போட்டுக்கிறேன்."