தெலுங்கில் வந்த நிம்மதி

கெலமங்கலத்துத் தீர்த்தகிரிக்கு மூன்றரை மொழி தெரியும். பிறந்த வீடு தெலுங்கு. பள்ளிக்கூடம் தந்தது தமிழ். கல்யாணத்தோடு சேர்ந்து வந்தது கன்னடம். அவன் தெலுங்கில் கோபப்பட்டால் கிருஷ்ணகிரி அணையில் தண்ணீர் ரெண்டடி உள்வாங்கும். கன்னடத்தில் பேரம் பேசினால் ஓசூர் சந்தையில் தக்காளி தானாகவே பைக்குள் குதிக்கும். மிச்சமிருந்த அரை, இங்கிலீஷ். அதுதான் மானத்தை வாங்கியது என்று ஒரு நாள் முழுக்க நம்பிக்கொண்டிருந்தான்.

வண்டிகளுக்குத் தகடு அடிக்கும் ஒரு கம்பெனியில் அவன் லைன் லீடர். அங்கே காலை எட்டரை மணி மீட்டிங்கில் இங்கிலீஷ்தான் பேச வேண்டும். மேனேஜர் பரமசிவமோ இதே மாவட்டத்துக் கல்லாவிக்காரர், வீட்டில் தமிழ். உட்கார்ந்திருக்கும் பதினொரு பேரில் வெள்ளைக்காரனின் நிழல் பட்டவர்கூடக் கிடையாது. ஆனாலும் கண்ணாடிக் கதவைச் சாத்தியதும் எல்லோர் நாக்கும் டை கட்டிக்கொள்ளும்.

ஒரு செவ்வாய்க்கிழமை முந்நூறு தகடு கோணலாகப் போனது. மெஷினை ஓட்டியவள் வினிதா. விருதுநகர்ப் பக்கத்துப் பெண், வேலைக்கு வந்து ஏழு மாதம். சென்சார் வயர் லூசாக இருக்கிறது என்று அவள் இரண்டு முறை சொல்லியிருந்தாள். "அது பாட்டுக்கு ஓடும். நீ ஓட்டும்மா, நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவைத்தவன் தீர்த்தகிரியேதான்.

மறுநாள் மீட்டிங்கில் பரமசிவம் நிமிர்ந்து பார்த்தார். "வாட் ஹேப்பண்ட்?"

வயர், அவள் வந்து சொன்னது, தான் தட்டிக்கழித்தது, இத்தனையையும் இங்கிலீஷில் கோக்க அவனிடம் நூல் இல்லை. தினம் ரிப்போர்ட்டில் எழுதுகிற இரண்டு வார்த்தை மட்டும் நாக்கில் தயாராக உட்கார்ந்திருந்தது.

"ஆபரேட்டர் மிஸ்டேக், சார்."

பரமசிவம் குறித்துக்கொண்டார். பத்து மணிக்கு வினிதாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சாப்பாட்டுப் பையோடு கேட்டுக்குப் போனவள் அவன் அருகே ஒரு நிமிஷம் நின்றாள்.

"அண்ணே, நான் சொன்னத நீங்க சொல்லலையா?"

மெஷினில் இல்லாத தூசியை அவன் துடைத்தான்.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது மனைவி நிர்மலா குழம்புக்குக் கொட்டை எடுக்க அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னடத்தில் கேட்பாள், இவன் தெலுங்கில் பதில் சொல்வான். பதினேழு வருஷமாக அந்த வீட்டில் சண்டைகூட மாநில எல்லை தாண்டித்தான் நடக்கிறது. நடந்ததைச் சொன்னான்.

"இங்கிலீஷ் வரல நிர்மலா. வார்த்தை இல்லன்னா யோசனையே ஓட மாட்டேங்குது."

"அப்போ அவர் கேட்டப்ப உங்க மண்டை காலியாவா இருந்துச்சு?"

"காலியா எங்க? தெலுங்குல வந்துச்சு."

"தெலுங்குல என்னன்னு வந்துச்சு?"

தீர்த்தகிரி ஒரு காயை எடுத்து உரித்தான். கொட்டையைக் குப்பையிலும் தோலைச் சட்டியிலும் போட்டான். பரமசிவம் குறித்துக்கொண்ட அந்த நொடியில், 'அப்பாடா, நம்ம தலைக்கு வரல' என்றுதான் வந்திருந்தது. சுத்தமான தெலுங்கு. ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. அந்த நிம்மதிக்கு இங்கிலீஷ் தேவைப்படவே இல்லை.

காது மடல் வரை சுட்டது. இரண்டு காதிலும் ராகிக் களி கிண்டியிருக்கலாம்.

"அந்த மனுஷன் கல்லாவிதானே? தமிழ்ல சொன்னா காது அடைச்சுக்குமா?" என்றபடி நிர்மலா தோலைச் சட்டியிலிருந்து பொறுக்கி எடுத்தாள்.

வியாழக்கிழமை எட்டரைக்கு அவன் எழுந்து நின்றான். "சார், தமிழ்ல சொல்றேன்." சட்டை போடாமல் வந்துவிட்டவனைப் பார்ப்பதுபோல் எல்லோரும் பார்த்தார்கள். வயர், இரண்டு முறை அவள் சொன்னது, 'நான் பாத்துக்கறேன்' என்றது, எல்லாவற்றையும் சொன்னான்.

பரமசிவம் பேனாவை மூடினார். கல்லாவித் தமிழ் எங்கிருந்தோ இறங்கி வந்தது. "ஏம்ப்பா, இத நேத்தே சொல்றதுக்கு என்ன?"

"இங்கிலீஷ்…" என்று தொடங்கியவன் நிறுத்தினான். "பயந்துட்டேன் சார்."

அவனுக்கு மெமோ கிடைத்தது. மெஷினுக்குப் புது வயர் கிடைத்தது. வெள்ளிக்கிழமை வினிதா திரும்பி வந்தாள். அவன் அருகே போய், "சாப்ட்டியாம்மா?" என்றான்.

"சாப்ட்டேன் சார்."

லைனில் மற்ற எல்லோரும் அவனை இன்னும் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.